வெயிலும் மருந்தும்: வைட்டமின் 'டி' வரலாறு

வேரும் பட்டையும் மருந்தாவதை நாம் அறிவோம். உப்பும் உலோகமும் மருந்தாவதையும் அறிவோம். ஆனால் வெயில் மேனியில் படும்போது நம் தோலே செய்துகொள்ளும் ஒரு பொருள், புட்டியிலும் பொட்டலத்திலும் அடைபட்டு மருந்துக் கடைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைப் பலர் அறியார். வைட்டமின் 'டி' என்பது அப்பொருளின் பெயர். நம் முந்தைய தலைமுறையினர் வைட்டமினை 'ஜீவசத்து' என்றும் 'உயிர்ச்சத்து' என்றும் எழுதினர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. இன்று டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழர் பலருடைய வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தால், '60,000 அலகு' என்று அச்சிட்ட சிறு பொட்டலமோ மாத்திரையோ அதில் கிடப்பதைக் காணலாம்.

மூட்டில் வலி என்றாலும் அது. உடம்பில் அசதி என்றாலும் அது. தலைமுடி உதிர்ந்தாலும் அது. டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுவோர் ஒருபுறம். அண்டை வீட்டார் சொல்லக் கேட்டுச் சாப்பிடுவோர் மறுபுறம். இம்மருந்து எதற்குப் பயன்படும்? எதற்குப் பயன்படாது? மிகுந்தால் விளையும் கேடு யாது? இதற்கு மாற்று உண்டா? இக்கேள்விகளுக்கு மருத்துவ உலகம் ஒரே நாளில் விடை கண்டுவிடவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றை அறிந்தவர், பொட்டலத்தைப் பிரிக்குமுன் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். அங்கே சிறு குழந்தைகளை ஒரு நோய் பீடித்தது. கால்கள் வில்போல் வளைந்தன; மணிக்கட்டுகள் பருத்தன; விலா எலும்புகளில் மணி கோத்தாற்போல் முடிச்சுகள் தோன்றின; நடக்கவேண்டிய பருவத்தில் குழந்தை நடக்கவில்லை. 'ரிக்கெட்ஸ்' என்று மக்கள் அதை வழங்கினர். 1645-இல் டேனியல் விஸ்லர் என்ற இளைஞர் லெய்டன் பல்கலைக் கழகத்தில் இந்நோயைப் பற்றி ஓர் ஆய்வுரை அளித்தார். 1650-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரான்சிஸ் கிளிஸ்ஸன் லத்தீன் மொழியில் ஒரு முழு நூலே எழுதினார். நோயின் உருவத்தை இருவரும் தெளிவாக வரைந்தனர். அதன் காரணத்தை மட்டும் அவர்களால் காண முடியவில்லை.

தொழிற்புரட்சி வந்தது. ஐரோப்பிய நகரங்களின் வானத்தை நிலக்கரிப் புகை மூடியது. குறுகிய சந்துகளில் உயர்ந்த வீடுகள் நெருங்கி நின்றன. ரிக்கெட்ஸ் நோய் நகரத்துக் குழந்தைகளிடையே பல்கிப் பெருகியது. இடுப்பெலும்பு வளைந்த சிறுமிகள் வளர்ந்து தாயாகும் காலத்தில் பிரசவமே உயிருக்கு உலையாயிற்று. 1822-இல் போலந்து நாட்டு அறிஞர் ஸ்னியாடெட்ஸ்கி, நகரத்துக் குழந்தைகளுக்கு வரும் இந்நோய் சுற்றுப்புறக் கிராமத்துக் குழந்தைகளுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்து, வெயிலே இதற்கு மருந்து என்று எழுதினார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

அதே காலத்தில் வடகடல் ஓரத்து மக்கள் வேறொரு மருந்தைக் கையாண்டு வந்தனர். காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் அது. அதன் நாற்றத்தைச் சகிக்க முடியாது. ஆயினும் அதை விழுங்கிய குழந்தை எழுந்து நடந்தது. 1824-இல் ஜெர்மன் மருத்துவர் ஒருவர் ரிக்கெட்ஸுக்கு இதைப் பரிந்துரைத்து எழுதினார். 1889-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் சிங்கக் குட்டிகள் எலும்பு வளைந்து மடிந்துகொண்டிருந்தன. ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை மருத்துவர் சென்று பார்த்தார். கொழுப்பில்லாத குதிரை இறைச்சியையே தின்று வந்த அக்குட்டிகளுக்குப் பாலும் இடித்த எலும்பும் மீன் ஈரல் எண்ணெயும் கொடுக்கச் செய்தார். குட்டிகள் தேறின. எண்ணெயில் இருப்பது என்ன என்பது அவருக்கும் தெரியாது.

இங்ஙனம் ஒரே நோய்க்கு இருவேறு மருந்துகள் நின்றன. ஒன்று கடலில் கிடைப்பது. மற்றொன்று வானத்தில் கிடைப்பது. இரண்டிற்கும் என்ன உறவு என்று எவருக்கும் விளங்கவில்லை.

1890-இல் தியோபால்டு பாம் என்ற மருத்துவர் வெளியிட்ட கட்டுரை ஒரு புது வழியைக் காட்டியது. அவர் ஜப்பானில் பத்தாண்டு பணி செய்தவர். அங்கே ரிக்கெட்ஸ் இல்லை. இங்கிலாந்து திரும்பியதும் எங்கும் அந்நோயைக் கண்டு வியந்தார். சீனா, இந்தியா முதலிய கீழைநாடுகளில் பணி செய்த சமயத் தொண்டர்களான மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி விவரம் திரட்டினார். உணவும் சுகாதாரமும் குறைந்த நாடுகளிலும் வெயில் மிகுந்திருந்தால் இந்நோய் அரிது என்பதை அக்கடிதங்கள் காட்டின. உணவை விட்டு வெயிலை நோக்குமாறு அவர் மருத்துவ உலகை வேண்டினார். அவருடைய கட்டுரையையும் பலர் மறந்தனர்.

முதல் உலகப் போருக்குப் பின் ஆராய்ச்சி விரைந்தது. 1919-இல் லண்டனில் எட்வர்டு மெல்லன்பி, வீட்டினுள்ளே அடைத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்குக் குறையுள்ள உணவைக் கொடுத்து ரிக்கெட்ஸை உண்டாக்கினார்; மீன் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்தார். ஆகவே உணவுக் குறையே காரணம் என்றார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, நோயுற்ற குழந்தைகள்மீது பாதரச விளக்கின் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார். எலும்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் கதிர் பட்டபோதும் மற்றக் கையின் எலும்பும் சேர்ந்து குணமடைந்தது. கதிர்பட்ட தோலில் ஏதோ ஒரு பொருள் பிறந்து இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது என்பதற்கு இது முதற்சான்று. 1922-இல் அமெரிக்க விஞ்ஞானி மெக்காலம், மீன் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி அதிலுள்ள வைட்டமின் 'ஏ'யை அழித்தார். அதன் பிறகும் அவ்வெண்ணெய் ரிக்கெட்ஸைக் குணமாக்கியது. எனவே உள்ளே இருப்பது வேறொரு பொருள் என்று தெளிந்தது. ஏ, பி, சி ஆகிய எழுத்துகள் முன்னரே வழங்கிவிட்டமையால் இதற்கு 'டி' என்ற எழுத்து வாய்த்தது.

அதே 1922-இல் நம் நாட்டிலிருந்து ஒரு சான்று சென்றது. பம்பாய் மாகாணத்தில் ஹட்சிசனும் ஷாவும் நடத்திய ஆய்வு அது. நல்ல உணவு உண்ணும் செல்வக் குடும்பங்களில், திரைக்குப் பின் வாழ்ந்த பெண்களிடமும், வீட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லப்படாத கைக்குழந்தைகளிடமும் எலும்பு நோயை அவர்கள் கண்டனர். வயலிலும் வெளியிலும் உழைத்த ஏழைத் தாய்மாரோ, உணவு குறைந்தும் அந்நோயினின்று தப்பியிருந்தனர். வெயில் காயும் நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. அவ்வெயில் மேனியில் படவேண்டும் என்ற உண்மையை உலகுக்கு உரைத்தது இந்திய அனுபவமே. நூறாண்டு கழிந்த பின்னும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

போரில் நலிந்த வியன்னா நகரில் ஹாரியட் சிக் என்ற ஆங்கில அம்மையாரும் அவருடைய குழுவினரும் குழந்தைகள் மருத்துவ விடுதியில் ஆண்டுக் கணக்கில் சோதனை செய்து, மீன் எண்ணெய், வெயில் ஆகிய இரண்டும் ஒரே பயனைத் தருவதை ஐயமற நிறுவினர். இரண்டுக்கும் உள்ள உறவை அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்து ஹாரி ஸ்டீன்பாக் 1924-இல் வெளியிட்டார். விலங்கின்மீது கதிரைப் பாய்ச்சுவதற்குப் பதிலாக அதன் தீனியின்மீது பாய்ச்சினாலும் ரிக்கெட்ஸ் தடுக்கப்பட்டது. கதிர் எங்கே பட்டாலும் அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் 'டி'யாக மாறுகிறது என்பதே இதன் கருத்து. நியூயார்க் மருத்துவர் ஆல்பிரெட் ஹெஸ்ஸும் இதே முடிவுக்குத் தனியே வந்தார். இத்தகைய கொழுப்புப் பொருள்களை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் விண்டவுஸுக்கு 1928-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. 1930-களின் தொடக்கத்தில் தூய வைட்டமின் படிகமாகவே கைக்கு வந்தது. வெயில் புட்டிக்குள் புகுந்துவிட்டது.

இனி இம்மருந்தின் பயனைச் சொல்வோம். நாம் உண்ணும் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து இரத்தத்துக்குள் ஏற்றுவது வைட்டமின் 'டி'யின் தலையாய வேலை. அது குறைந்தால் உணவில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் எலும்புக்கு எட்டாது. குழந்தையின் எலும்பு வளையும், பெரியவர்களின் எலும்பு மென்மையாகி வலிக்கும், தசை தளரும், மாடிப்படி ஏறுவது கடினமாகும். இக்குறை உள்ளவர்களுக்கு இம்மருந்தைப்போல் பலன் தருவது அரிது. பச்சிளங் குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு கொடுத்தால் ரிக்கெட்ஸ் வராமல் தடுக்கலாம். 400 அலகு என்பது 10 மைக்ரோகிராம். ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு. அத்துணைச் சிறு அளவில் அவ்வளவு பெரிய நன்மை! மேலைநாடுகளில் பாலிலும் குழந்தை உணவிலும் இதைச் சேர்த்தபின், நகரத்துத் தெருக்களில் வளைந்த கால்களோடு திரிந்த குழந்தைகளின் காட்சி பெரும்பாலும் மறைந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது நார்வே நாட்டு மீன் எண்ணெய் இந்தியாவுக்கு வருவது தடைப்பட்டது. அப்போது சென்னை மாகாண அரசு, மேற்குக் கடற்கரையில் சுறா மீனின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிலை வளர்த்தது. அவ்வெண்ணெயில் வைட்டமின் 'ஏ' மிகுதி, 'டி' குறைவு. இரண்டும் மீன் எண்ணெயே என்றாலும் குணத்தில் ஒன்றல்ல. மருந்தின் பெயரைக் காட்டிலும் அதனுள் இருப்பது எவ்வளவு என்பதே முக்கியம் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அளவு என்ற சொல்லோடுதான் இக்கதையின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. சிறு அளவு இவ்வளவு நன்மை செய்தால் பெரிய அளவு இன்னும் எவ்வளவு செய்யும் என்று மனிதன் எண்ணத் தொடங்கினான். 1928-இலேயே ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள், மிகை அளவு பெற்ற விலங்குகளின் இரத்தக் குழாய்களிலும் உறுப்புகளிலும் சுண்ணாம்பு படிந்ததைக் கண்டு எச்சரித்தனர். ஆயினும் 1930-களிலும் 40-களிலும் அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளிகளுக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் அலகும் அதற்கு மேலும் மாதக் கணக்கில் கொடுத்தனர். மூட்டுவாதம் தீரவில்லை, பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஐரோப்பாவில் தோலில் வரும் காசநோய்க்கு இதேபோல் பெரிய அளவைக் கையாண்டனர். அந்நோய் உண்மையாகவே தணிந்தது. எனினும் நஞ்சேறும் அபாயமும் உடன் வந்தது. 1950-களில் ஐசோனியசிட் போன்ற காசநோய் மருந்துகள் வந்ததும் அம்முறை கைவிடப்பட்டது.

இதனினும் பெரிய பாடத்தைப் பிரிட்டன் கற்றது. போர்க்காலத்தில் குழந்தைகளைக் காக்கவேண்டி அந்நாட்டு அரசு பால்மாவிலும் வைட்டமினைச் சேர்த்தது. மீன் எண்ணெயையும் வழங்கியது. குழந்தை உணவு செய்வோர் தாமும் தானிய மாவில் சேர்த்தனர். ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கினால் நியாயமான அளவு. மூன்றையும் ஒரே குழந்தை உண்டபோது கணக்கு நாலாயிரம் அலகைத் தொட்டது. 1950-களின் தொடக்கத்தில், பசியற்று, வாந்தி எடுத்து, எடை குறைந்து, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிய குழந்தைகள் மருத்துவமனைக்கு வரலாயினர். 1957-இல் அரசு அளவைக் குறைத்தது. அதே உணவை உண்டும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருந்தது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வைட்டமின் 'டி'யைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றலைச் சிலர் பிறவியிலேயே குறைவாகப் பெற்றிருக்கின்றனர் என்று 2011-இல் கண்டறிந்தனர். ஒருவருக்கு அமுதாகும் அளவே மற்றொருவருக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள், மறைந்துவிட்டதாக எண்ணிய ரிக்கெட்ஸை மீண்டும் கண்டனர். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சென்று குடியேறியவர்களின் குழந்தைகளிடமும் பெண்களிடமும் அது தோன்றியிருந்தது. தாய்நாட்டு வெயிலுக்கு ஏற்ற கருமேனி. புதுநாட்டிலோ மங்கிய வானம். உடலை மூடிய உடை. மீனும் முட்டையும் குறைந்த உணவு. யாவும் சேர்ந்து எலும்பை மெலியச் செய்தன. 1970-களின் இறுதியில் அந்நகரில் குழந்தைகளுக்கு வைட்டமின் 'டி'யை இலவசமாக வழங்கும் இயக்கம் நடந்தபின் நோய் வெகுவாகக் குறைந்தது. ஒரே நாடு, இருபது ஆண்டுகளுக்குள், மிகையால் வரும் கேட்டையும் குறையால் வரும் கேட்டையும் கண்டது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

இம்மருந்து உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஞ்ஞானிகள் தெளிவாக்கினர். தோலில் பிறந்தாலும் வாய்வழி வந்தாலும் வைட்டமின் 'டி' முதலில் ஈரலுக்குச் சென்று ஒருமுறை மாறுகிறது. பிறகு சிறுநீரகத்துக்குச் சென்று மறுமுறை மாறுகிறது. அதன் பின்னரே அது முழு வலிமை பெறுகிறது. ஈரலில் மாறிய வடிவத்தையே ஆய்வுக்கூடங்கள் இரத்தத்தில் அளக்கின்றன. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இரண்டாம் மாற்றம் நிகழாது. அவர்களுக்காகவே கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால் என்னும் மருந்துகள் தோன்றின. இவை வலிமை மிக்கவை. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை விரைந்து ஏற்றுபவை. இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் மேற்பார்வையும் இன்றி இவற்றைத் தொடலாகாது. சாதாரணப் பொட்டலத்துக்குப் பதிலாக இவற்றை வாங்கி உண்பதோ, இரண்டையும் தாமாகச் சேர்த்து உண்பதோ தகாது.

நம் நாட்டின் இன்றைய நிலை யாது? வைட்டமின் 'டி' குறைவு இந்திய நகரங்களில் உண்மையாகவே மிகுதி. டில்லியில் இரு பகுதிகளின் சிறு குழந்தைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. மாசு மிகுந்த பகுதியில் வாழ்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த வைட்டமின், மாசு குறைந்த பகுதியின் குழந்தைகளிடம் இருந்ததில் பாதி அளவே. புகைமண்டலம் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு லண்டனுக்கும் நம் தலைநகருக்கும் இவ்வகையில் தூரம் குறைவே. மதுரையிலோ தஞ்சையிலோ ஆண்டு முழுதும் காய்ந்த வெயிலில் வளர்ந்தவர், டில்லிக் குளிர்காலத்தில் கம்பளிக்குள் புகுந்து, காலையில் இருட்டோடு அலுவலகம் சென்று, மாலையில் இருட்டோடு திரும்பினால் எலும்பு கேள்வி கேட்காதிருக்குமா?

எனினும் குறை மிகுதி என்பதால் மருந்து எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. நாள்தோறும் 2,000 அலகு உண்டவர்களுக்கும் வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே புற்றுநோய் வருவதிலோ மாரடைப்பு வருவதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பு முறிவிலும் வேறுபாடு இல்லை என்று 2022-இல் அறிவித்தனர். அவர்கள் குறை உள்ளவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். ஆகவே குறை உள்ளவர்களுக்குப் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றுவதால் தாகம் தீராது என்பதே பொருள். ஆஸ்திரேலியாவில் எழுபது வயது கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் அலகு கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, மாறாகக் கூடின. அம்முடிவு வெளியான ஆண்டு 2010. ஒரே மூச்சில் பெரிய அளவைத் திணிப்பது உடலுக்கு உவப்பானதன்று.

பரிசோதனைச் சீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. இரத்தத்தில் 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோரின் எலும்புக்குப் போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று 2011-இல் வரையறுத்தது. அதே ஆண்டில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 30 வேண்டும் என்றது. பல ஆய்வுக்கூடங்கள் முப்பதையே அச்சிட்டன. அதனால் நலமுடன் நடமாடுவோர் பலர் ஒரே நாளில் 'குறையுள்ளவர்' ஆயினர். 2024-இல் அச்சங்கம் அந்த முப்பதைத் தான் இனி வற்புறுத்துவதில்லை என்றும், நலமாயுள்ள பெரியவர்கள் யாவருக்கும் இப்பரிசோதனை வழக்கமாகத் தேவையில்லை என்றும் கூறிவிட்டது. சீட்டிலுள்ள எண்ணை மட்டும் கண்டு அஞ்சவேண்டியதில்லை; அறிகுறியையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் சொல்வதே முடிவு.

இனிப் பொட்டலத்தின் கணக்குக்கு வருவோம். வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தேவை 600 அலகு என்று நம் நாட்டின் ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்துள்ளது. ஒரு பொட்டலத்தில் இருப்பது 60,000 அலகு. அதாவது நூறு நாள் தேவை. குறை நீங்கும் பொருட்டு மருத்துவர் வாரம் ஒன்று என எட்டு வாரங்களுக்கு எழுதுவது வழக்கம். அதையே நாள்தோறும் ஒன்று என்று பிழையாகக் கொண்டால், எட்டு வாரங்களில் உடலுக்குள் செல்வது 33 லட்சத்துக்கும் மேற்பட்ட அலகு. இத்தவறு நம் நாட்டில் நிகழ்ந்து, முதியோர் மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்ச்சிகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. ஆறு லட்சம் அலகு கொண்ட ஊசியை மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டு துன்புற்றவர்களும் உண்டு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைக்காரர் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ சொல்கிறார். ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் தாயாருக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றே. 'வாரத்துக்கு ஒன்று' என்ற இரு சொற்கள் மூன்று மொழிகளைக் கடந்து அவரிடம் வந்து சேரவேண்டும். வழியில் 'வாரத்துக்கு' என்ற சொல் உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது 'ஒன்று' மட்டுமே. ஆகவே பெட்டியின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள். முடியும் தேதியையும் எழுதுங்கள். இதற்குச் செலவு ஒரு துண்டுத் தாள்.

மிகையின் அடையாளங்களையும் அறிந்திருத்தல் நலம். பசியின்மை, குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், தளர்ச்சி, மனக்குழப்பம் ஆகியவை முதலில் தோன்றும். முதுமையின் தொல்லை என்று இவற்றை ஒதுக்கிவிடுதல் எளிது. கவனியாது விட்டால் சிறுநீரகத்தில் கல் சேரலாம், சிறுநீரகமே செயலிழக்கலாம். வைட்டமின் 'டி' கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது; மருந்தை நிறுத்திய பின்னும் அதன் தாக்கம் வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் நீடிக்கும். சிறுநீரகக் கல் உடையவர்கள், காசநோய் உள்ளவர்கள், தயசைடு வகை இரத்த அழுத்த மாத்திரையோ டிகாக்ஸின் என்னும் இதய மாத்திரையோ உண்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்லவேண்டும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளோ இவ்வைட்டமினை உடலில் விரைந்து குறைத்துவிடும். அவற்றை உண்போருக்கு அளவு கூடத் தேவைப்படலாம்.

மாற்று வழிகளில் முதலாவது வெயிலே. முகமும் கைகளும் முழங்கால்களும் சிறிது நேரம் நடுப்பகலை ஒட்டிய வெயிலைப் பெறுவது பயன் தரும். கருமேனியர்க்கும் முதியோர்க்கும் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெயிலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தேவைக்கு மேல் உண்டாவதைத் தோல் தானே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. ஆகவே வெயிலால் வைட்டமின் 'டி' மிகுந்து நஞ்சாவதில்லை. தோல் கன்றிச் சிவக்கும்வரை நிற்பது மட்டும் கேடு.

உணவில் கொழுப்பு மிக்க மீனும் முட்டையின் மஞ்சள் கருவும் ஓரளவு தருகின்றன. மரக்கறி உணவினர்க்கு இயற்கையில் கிடைப்பது குறைவு. கேழ்வரகிலும் பாலிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதனால் வைட்டமின் 'டி' கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. ஒன்று செங்கல், மற்றொன்று கொத்தனார், இரண்டும் வேண்டும். பாலிலும் சமையல் எண்ணெயிலும் இவ்வைட்டமினைச் சேர்ப்பதற்கான தரங்களை நம் அரசு 2018-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆங்கில 'எஃப்' எழுத்தும் கூட்டல் குறியும் சேர்ந்த முத்திரை அத்தகைய உறைகளில் இருக்கும். மருந்திலும் இரு வகை உண்டு. 'டி-3' பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து செய்வது. 'டி-2' ஈஸ்ட் போன்ற காளான் இனத்திலிருந்து செய்வது. மரக்கறி நோன்பைக் கண்டிப்பாகக் காப்பவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்கலாம். இரத்தத்தில் அளவை உயர்த்தி நிலைநிறுத்துவதில் 'டி-3' சற்று மேலானது. நாள்தோறும் சிறு அளவு உண்ணும் துளி மருந்தும் மாத்திரையும் கிடைக்கின்றன. குழந்தைகளுக்கு அதுவே உகந்த முறை.

இவ்வளவும் கூறியது மருந்தைக் கண்டு அஞ்சுவதற்கன்று. மீன் எண்ணெயின் நாற்றத்தைச் சகித்து நின்ற தாய்மாரும், கிளாஸ்கோவில் இலவசமாக மருந்து வழங்கியவர்களும், வளைந்த கால்களை நிமிர்த்தினர். அந்த நன்மையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. குறை உள்ள இடத்தில் இது மருந்து. குறை இல்லாத இடத்தில் வீண் செலவு. அளவு கடந்த இடத்தில் நஞ்சு. முந்நூறு ஆண்டு வரலாறு நமக்குச் சொல்வது இவ்வளவே. ஆகவே குறை உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள். எத்தனை நாள், எத்தனை பொட்டலம் என்றும் கேளுங்கள். விடுமுறை நாளில் முதியோரையும் குழந்தைகளையும் மொட்டை மாடிக்கோ பூங்காவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். தாய்நாட்டின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் வெயில் நமக்கு அந்நியமன்று.